அப்பாவின் மூளையைக் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியுமா?

போன மாதம் கோத்தகிரியில் ஒரு தேயிலை விவசாயியின் மகன் செல்போனை நீட்டினார். "டாக்டர், மூளையை அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்திடலாமாம். அப்பாவுக்கு இப்பவே பணம் கட்டி வெச்சிடலாமா?" பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. அப்பாவுக்குச் சில நாள் பேத்தி பெயரே வராது. அந்த வீட்டில் பிறந்திருந்தால் நானும் இதையேதான் கேட்டிருப்பேன்.

ஆனால் பணம் கட்டாதீர்கள்.

ஆராய்ச்சி நிஜம்தான், அதில் எனக்கும் ஆர்வம் உண்டு. 2024-ல் வெளியான பழ ஈயின் மூளை வரைபடத்தில் ஏறக்குறைய 1,39,000 நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், அவற்றுக்கிடையே 5 கோடி இணைப்புகள். அதே ஆண்டு மனித மூளையில் ஒரு கன மில்லிமீட்டர், கடுகளவு துண்டு, அதை ஆயிரக்கணக்கான சீவல்களாக வெட்டிப் படமெடுத்ததற்கே கம்ப்யூட்டரில் 1,400 டெராபைட் இடம் ஆனது (ஒரு டெராபைட் என்பது ஆயிரம் ஜி.பி.). முழு மூளையில் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன.

சரி, வரைபடம் கிடைத்துவிட்டால் ஆளே கிடைத்துவிடுவாரா? வெறும் 302 நியூரான் உள்ள ஒரு புழுவின் வரைபடம் 1986-லேயே வந்துவிட்டது, இன்றுவரை அந்தப் புழுவை முழுசாகக் கம்ப்யூட்டரில் உயிர்ப்பிக்க முடியவில்லை. எஸ்டேட் வரைபடத்தில் எல்லாப் பாதையும் இருக்கும், இன்றைக்கு எந்தப் பக்கம் கொழுந்து பறிக்கிறார்கள் என்று இருக்காது. மூளையிலும் அப்படித்தான், எந்த இணைப்புக்கு எவ்வளவு வலு, எந்த ரசாயனம் எப்போது சுரக்கிறது என்பதெல்லாம் படத்தில் முழுசாகத் தெரிவதில்லை. இவ்வளவு நுணுக்கமாகப் படமெடுக்க மூளையை ரசாயனத்தில் உறைய வைத்து வெட்ட வேண்டும், அப்புறம் அது மறுபடி உயிரோடு வராது. செத்துப்போன நியூரான் எந்தப் படத்திலும் திரும்பக் கிடைக்காது.

அந்த மகனின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வாய் கோணியது இரவு பத்து மணிக்கு. மலைப்பாதையில் பனிமூட்டம் என்று விடியும்வரை காத்திருந்தார்கள். மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நியூரான்கள் சாகின்றன. அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும், மேட்டுப்பாளையம் இறங்கவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். முகம் கோணினாலும், ஒரு கை தொங்கினாலும், பேச்சு குழறினாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அப்பாவின் பிரஷரைப் பார்த்தேன். 180/100. நன்றாகத்தானே இருக்கிறார் என்று மூன்று மாதமாக மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். அன்றைக்கே திரும்ப ஆரம்பித்தோம்.