மலைக்கொரு அலை, ஆலைக்கொரு அலை

ஓசூர் பஸ் நிலையத்தில் போனைப் பார்த்தால் மேல்மூலையில் 5ஜி என்று நிற்கும். தேன்கனிக்கோட்டையைத் தாண்டி அஞ்செட்டிப் பக்கம் காட்டு வளைவுகளில் பஸ் திரும்பத் தொடங்கியதும் அது 4ஜி ஆகும். சில வளைவுகளில் எதுவுமே இருக்காது. "இங்கெல்லாம் டவர் இல்லை" என்று சொல்லிவிட்டு போனைப் பையில் போட்டுக்கொள்வோம். பாதிக் காரணம் அதுதான். மீதிக் காரணம் அலையின் நீளத்தில் இருக்கிறது.

5ஜி என்ற ஒரே பெயருக்குள் குணத்தில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மூன்று வகை அலைகள் இருக்கின்றன. விளம்பரங்கள் வேகத்தை மட்டுமே பேசுவதால் இந்த வேறுபாடு நம் கண்ணில் படுவதில்லை. ஒரு பக்கம் பைக், லாரி, கடிகார ஆலைகள், இன்னொரு பக்கம் யானைக்காடு என்று கிடக்கும் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வேகம் இரண்டாம்பட்சம் என்பது என் எண்ணம்.

2022 ஜூலை கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் 1 அன்று முடிந்த அலைக்கற்றை ஏலத்தில் மத்திய அரசுக்குச் சுமார் 1.5 லட்சம் கோடி ரூபாய் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று நாட்டில் 5ஜி சேவை தொடங்கியது. விற்றவற்றில் நமக்கு முக்கியமானவை மூன்று: 700 மெகாஹெர்ட்ஸ், 3.3 கிகாஹெர்ட்ஸில் தொடங்கி 3.6 தாண்டிப் போகும் நடுத்தர அலைவரிசை, 26 கிகாஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் வந்துவிடும். 700 மெகாஹெர்ட்ஸ் அலை சுமார் 43 சென்டிமீட்டர் நீளம். நடுத்தர அலை 8 அல்லது 9 சென்டிமீட்டர். 26 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

ஒரு மலை முகட்டின் பின்னால் இருக்கும் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். கருங்கல் மலையைத் துளைத்துக்கொண்டு எந்த அலையும் போகாது. முகட்டின் விளிம்பில் பட்டு வளைந்துதான் மறுபக்கம் இறங்க வேண்டும். நீளமான அலை அதிகம் வளையும்; குறுகிய அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போய்விடும், முகட்டின் அடியில் நிழல் விழும். மாந்தோப்பிலும் இதே கதைதான். இலையும் கிளையும் அலைநீளத்தின் அளவுக்கு வரும்போது அலை அவற்றில் பட்டுச் சிதறுகிறது; இலையிலுள்ள நீர் அதை உறிஞ்சிக்கொள்கிறது. அடர்ந்த தோப்புக்குள் 26 கிகாஹெர்ட்ஸ் சில மரங்களிலேயே ஓய்ந்துபோகும். 700 அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது.

அப்படியானால் எல்லாவற்றையும் 700இலேயே ஓட்டிவிடலாமே என்று தோன்றும். இடம் போதாது என்பதுதான் சிக்கல். ஒரு அலைவரிசையில் எவ்வளவு தகவலை அனுப்பலாம் என்பதை அதன் அகலமும், சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதமும் தீர்மானிக்கின்றன என்று 1948இல் கிளாட் ஷானன் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த வரம்பை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸை வாங்கிய ஒரே நிறுவனம் ஜியோ. அதற்குக் கிடைத்தது போக 10, வர 10 மெகாஹெர்ட்ஸ். நடுத்தர அலைவரிசையிலோ ஒரே கேரியரை, அதாவது தகவல் ஓடும் ஒரு தடத்தை, 100 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு விரிக்கலாம். 4ஜியில் ஒரு கேரியரின் உச்ச அகலம் 20. நகரத்தில் நீங்கள் பார்க்கும் பெரிய பெரிய வேக எண்கள் இந்த அகலத்திலிருந்து வருபவை. அதனால் மலையூரில் கிடைக்கும் 5ஜியும் ஓசூரில் கிடைக்கும் 5ஜியும் ஒரே வேகத்தில் ஓடுமென்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை.

அகலம் மட்டும் காரணமில்லை. சாலையோர டவர்களின் உச்சியில் ஏறக்குறைய ஒரு முழ அகலமும் இரண்டு முழ உயரமுமாக ஒரு தட்டையான பெட்டி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே நூற்றுக்கு மேற்பட்ட குட்டி ஆன்டெனாக்கள் வரிசையாக இருக்கும். அவற்றைத் தனித்தனியாக இயக்க 32 அல்லது 64 மின்சுற்றுகள். ஆன்டெனாக்களுக்கு இடையே பாதி அலைநீளம் இடைவெளி வேண்டும் என்பது விதி. நடுத்தர அலைக்கு அது நான்கு சென்டிமீட்டர்தான் என்பதால் இத்தனையும் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன. 700 மெகாஹெர்ட்ஸில் இதே வேலையைச் செய்ய ஒரு சுவரளவு பெட்டி தேவைப்படும்.

இத்தனை ஆன்டெனா எதற்கு? ஒரே சிக்னலை எல்லா ஆன்டெனாவும் அனுப்புகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் கொஞ்சம் முன்பின்னாக. நடுத்தர அலையில் ஒரு முழு அலைவு முடிய நொடியில் 350 கோடியில் ஒரு பங்கு நேரமே ஆகும். அந்தப் பங்கிலும் ஒரு பங்கை முன்னே பின்னே நகர்த்தினால், ஒரு குறிப்பிட்ட திசையில் மட்டும் முகடும் முகடும் சேர்ந்து சிக்னல் வலுக்கும். மற்ற திசைகளில் முகடும் பள்ளமும் மோதி அழிந்துபோகும். ஆன்டெனா அசையவே இல்லை. அலை மட்டும் உங்கள் பக்கம் திரும்புகிறது. ஒரே நொடியில், அதே அலைவரிசையில், உங்களுக்கு ஒரு திசையிலும் அடுத்த தெருக்காரருக்கு வேறு திசையிலும் வெவ்வேறு தகவலை அனுப்ப முடியும். நீங்கள் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று டவருக்கு எப்படித் தெரியும் என்றால், உங்கள் போன் அவ்வப்போது ஒரு சிறு அடையாளத் துடிப்பை அனுப்புகிறது. அது பெட்டியிலுள்ள ஒவ்வொரு ஆன்டெனாவையும் எந்த நேர வித்தியாசத்தில் அடைகிறது என்பதைக் கணித்து, அதையே திருப்பிப் போட்டு அனுப்புகிறார்கள். நடுத்தர அலையில் போகவும் வரவும் ஒரே அதிர்வெண் என்பதால் இந்தத் தந்திரம் பலிக்கிறது.

பல ஆன்டெனாக்கள் வழியாக ஒரே அலைவரிசையில் வெவ்வேறு தகவல்களை அனுப்பலாம் என்று 1990களின் தொடக்கத்தில் முன்வைத்தவர் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படையில், நீருக்கடியில் இருப்பதை ஒலியால் கண்டறியும் சோனார் கருவி உருவாக்கியவர், பிறகு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2014இல் மார்க்கோனி பரிசு பெற்றார். எதிரொலிப்புகள் சிக்னலைக் கெடுக்கின்றன என்று அதுவரை பொறியாளர்கள் புலம்பிக்கொண்டிருக்க, அந்த எதிரொலிப்புகளே தனித்தனிப் பாதைகளாகப் பயன்படும் என்று காட்டினார். நம் ஊர்ப் பாறைகளும் கட்டடங்களும் அந்த வகையில் கொஞ்சம் உதவியே செய்கின்றன. 26 கிகாஹெர்ட்ஸ் வகை அலைகளும் நமக்குப் புதிதில்லை. ஜகதீஷ் சந்திர போஸ் 1890களின் நடுவிலேயே கொல்கத்தாவில் மில்லிமீட்டர் அலைகளை உண்டாக்கி, சுவருக்கு அப்பாலிருந்து மணியடித்துக் காட்டியிருக்கிறார்.

இன்னொரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. சிக்னல் கோடுகள் போனில் நன்றாக இருக்கும், ஆனால் வாட்ஸ்அப்பில் படம் சுற்றிக்கொண்டே இருக்கும். டவரின் ஒலிபரப்பு வலிமை பல பத்து வாட்டிலிருந்து நூற்றுக்கணக்கான வாட் வரை. உங்கள் போனின் உச்சம் பெரும்பாலும் 0.2 வாட். டவர் பேசுவது போனுக்குக் கேட்கிறது. போன் பேசுவது டவருக்குக் கேட்பதில்லை. குறுகிய அலையில் இந்தக் குறை இன்னும் கூடும். ஆகவே பல நெட்வொர்க்குகளில் டவரிலிருந்து போனுக்குக் கீழே வருவதை நடுத்தர அலையிலும், போனிலிருந்து டவருக்கு மேலே போவதைத் தாழ்ந்த 4ஜி அலையிலும் ஓட்டுகிறார்கள். கோடுகள் வரவை மட்டுமே காட்டும்.

இனி ஆலைக்குள் போவோம். ஓசூரில் டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன், போச்சம்பள்ளியில் ஓலா மின்சார ஸ்கூட்டர் என்று ஒரு மாவட்டத்துக்குள் இத்தனை வகை உற்பத்தி. இப்படிப்பட்ட தளத்தில் தானாக ஓடும் டிராலிக்கு நொடிக்கு நூறு எம்பி வேண்டாம். "நில்" என்று சொன்னால் அந்தச் சொல் குறித்த நேரத்துக்குள், ஒவ்வொரு தடவையும், தவறாமல் போய்ச் சேர வேண்டும். வைஃபை இங்கேதான் தடுமாறுகிறது. யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுப் பார்த்து, அமைதியாக இருந்தால் பேசு, இரண்டு பேர் மோதிக்கொண்டால் கொஞ்சம் காத்திருந்து மறுபடி பேசு என்பது வைஃபையின் அடிப்படை வழக்கம். பத்துக் கருவி இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஆயிரம் வந்தால் யாருக்கு எப்போது வாய்ப்பு என்று யாருமே சொல்ல முடியாது.

5ஜியில் ஏரிப் பாசன ஊர்களின் முறைநீர் வழக்கம்தான். யார் வயலுக்கு எந்த மணியில் எவ்வளவு நேரம் மடை திறப்பது என்று நீர்க்கட்டி முடிவுசெய்கிறார். யாரும் தானாக வாய்க்காலை வெட்டிக்கொள்ள முடியாது. இங்கே அந்த வேலையை டவரின் கணினி செய்கிறது, முறை மாறுவது அரை மில்லி நொடிக்கு ஒரு தடவை. அவசரச் செய்தி வந்தால் அந்த அரை மில்லி நொடியையும் நறுக்கி நடுவில் நுழைக்க வழியிருக்கிறது.

பொது நெட்வொர்க்கில் பெரும்பாலான முறைகள் கீழே வரும் தகவலுக்கே போகின்றன, மக்கள் வீடியோ பார்ப்பதால். ஆலையின் தேவை இதற்குத் தலைகீழ். போல்ட் சரியாக முடுக்கப்பட்டதா, பெயிண்டில் கீறல் உண்டா என்று பார்க்கும் கேமராக்கள் ஓயாமல் மேலே அனுப்பிக்கொண்டிருக்கும். பக்கத்து டவர்கள் எல்லாம் மைக்ரோ நொடிக் கணக்கில் ஒரே தாளத்தில் இயங்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றின் ஒலிபரப்பு மற்றொன்றின் காதை அடைக்கும். ஆகவே பொது நெட்வொர்க்கில் ஒருவருக்காக முறையை மாற்ற முடியாது. நான்கு சுவருக்குள் அடைத்த தனி நெட்வொர்க்கில் அது சாத்தியம். அத்தகைய தனியார் நெட்வொர்க்குகளுக்கான வழிகாட்டுதலை மத்திய அரசு 2022 ஜூனில் வெளியிட்டது. தொழிற்பேட்டைகளில் 5ஜியின் உண்மையான பயன் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு மில்லி நொடித் தாமதம் என்று கூறுவார்கள். அது டவருக்கும் கருவிக்கும் இடையிலான காற்றுவழிக்கு மட்டும், அதுவும் உகந்த நிலையில். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். தர்மபுரியிலிருந்து சென்னைக்குச் சுமார் 300 கிலோமீட்டர், போய்வர 600. இடையில் ஒரு கருவியும் தாமதிக்காமல் இருந்தாலும் இழைக்குள்ளேயே 3 மில்லி நொடி போய்விடும். ஆகவே ஆலையின் முடிவெடுக்கும் கணினி ஆலைக்குள்ளேயே இருக்க வேண்டும். சென்னையில் உட்கார்ந்து மலைக்கிராமத்து நோயாளிக்கு ரோபோ மூலம் அறுவை செய்வது என்ற படத்தை ஒவ்வொரு 5ஜி விழாவிலும் திரையில் ஓட்டுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஆம்புலன்ஸிலிருந்து ஒரு ஈசிஜி மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச்சேர்ந்தால் உயிர் பிழைக்கும். அந்த ஈசிஜி சில நூறு கிலோபைட். அதற்குத் தேவை மலைப்பாதை முழுக்க அறாத சிக்னல்.

வயலுக்கும் இதே கணக்கு. போர்வெல் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டி, திரீபேஸ் கரண்ட் வந்ததும் வீட்டிலிருந்தே போன் அடித்து மோட்டார் போடுவது நம் விவசாயிகளுக்குப் பழகிய விஷயம். பெரும்பாலும் 2ஜி சிம்மில் ஓடும் ஏற்பாடு. அதன் அடுத்த தலைமுறையாக, 5ஜி குடும்பத்தில் சேர்க்கப்பட்டிருக்கும், குறுகிய தடத்தில் ஓடும் கருவிகள் வந்திருக்கின்றன. ஒரு தடத்துக்கு 200 கிலோஹெர்ட்ஸ் அகலம் போதும். சிக்னல் பலவீனமாக இருந்தால் ஒரே செய்தியைக் கருவி 128 தடவை வரை திரும்பத் திரும்பச் சொல்லும். டவர் அவற்றைக் கூட்டிப் பார்த்து இரைச்சலுக்குள்ளிருந்து செய்தியைப் பொறுக்கிக்கொள்ளும். 2ஜியால் எட்ட முடிந்ததைவிட 100 மடங்கு பலவீனமான சிக்னலிலும் வேலை நடக்கும். மற்ற நேரங்களில் கருவி தூங்குவதால் ஒரு பேட்டரி பல ஆண்டுகள் வரும். மாந்தோப்பில் மண் ஈரம், ரோஜாக் குடில்களில் காற்றின் ஈரப்பதம், கெலவரப்பள்ளி அணையில் நுரைத்து வரும் தென்பெண்ணை நீரின் தரம் எல்லாம் ஒரு எஸ்எம்எஸ்ஸைவிடச் சிறிய தகவல்கள்.

யானை விஷயம் ஆலை, வயல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ராகி அறுப்புக் காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தளி வழியாக யானைகள் இறங்குகின்றன. வெப்பத்தைப் பார்க்கும் கேமரா ஒன்று யானையை அடையாளம் கண்டு ஒரு படம் அனுப்ப வேண்டும்: அடர் காட்டில், சோலார் மின்சாரத்தில், மேலே போகும் திசையில். மேலே சொன்ன எல்லாச் சிக்கலும் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. படத்தைக் கேமராவே ஆராய்ந்து "யானை, இரண்டு, கிழக்கு" என்று சில எழுத்துகளை மட்டும் அனுப்பினால் 700 மெகாஹெர்ட்ஸோ அந்தக் குறுகிய தடமோ போதும்.

டவர் நட்டாலும் வேலை முடிவதில்லை. டவரிலிருந்து தகவல் வெளியே போகக் கண்ணாடி இழை வேண்டும். கருங்கல் பூமியில் பள்ளம் தோண்டுவது செலவுபிடித்த வேலை. மாற்றாக, டவர்களில் மத்தளம்போல் தெரியும் வெள்ளை வட்டங்கள் மைக்ரோவேவில் அடுத்த டவரோடு பேசுகின்றன. இதற்கு இரண்டும் ஒன்றையொன்று தடையில்லாமல் பார்க்க வேண்டும். மலை இங்கே எதிரியல்ல: உச்சியில் நிறுத்தினால் தூரத்து உச்சி தெளிவாகத் தெரியும்.

போனோடு நேரடியாகப் பேசும் செயற்கைக்கோள்களுக்கான விதிகள் 2022இல் 5ஜி தரநிலைக்குள் வந்துவிட்டன. 6ஜிக்கான வரைவு நோக்கத்தைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2023இல் ஏற்றுக்கொண்டது, இலக்கு 2030 வாக்கில். அதுவரை கையிலிருக்கும் போனிலேயே ஒரு சோதனை செய்யலாம். பல ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதியில் சிம் நிலை என்று இருக்கும். அங்கே சிக்னல் வலிமை மைனஸ் எண்ணில் வரும். மைனஸ் 80 நல்ல சிக்னல், மைனஸ் 110 மோசம். பத்துப் பத்தாகக் குறையும்போது வலிமை பத்து மடங்கு குறைகிறது, ஆக இந்த இரண்டுக்கும் இடையே ஆயிரம் மடங்கு. வீட்டுக்குள் மைனஸ் 115 காட்டும் போன் மொட்டைமாடியில் 95 காட்டினால் சிம்மை மாற்றிப் பயன் இருக்காது. 100 மடங்கைச் சுவர்கள் தின்றிருக்கின்றன. அந்த வீட்டுக்கு, ஆன்டெனாவை மாடியில் பொருத்தி உள்ளே கம்பி இழுக்கும், 2023இலிருந்து கிடைக்கும் 5ஜி வீட்டு இணைப்பு பொருந்தும்.