வாய்க்கால் கரையில் கார் ஏன் மாட்டிக்கொள்கிறது?

வேதாரண்யம் பக்கத்து ஈர மணலில் கார் சிக்கினால், இழுக்கும் சக்கரத்துக்கு மேலே இரண்டு பேர் ஏறி அமுக்கியதும் சில நேரம் வண்டி நகர்ந்துவிடும். அதையே மழை விட்ட மறுநாள் திருவாரூர் பக்கத்து வாய்க்கால் கரையில் செய்தால் சக்கரம் இன்னும் ஆழமாகத்தான் இறங்கும். டெல்டாவில் மண்சாலையில் தனியாக வண்டி ஓட்டுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மணலின் பிடிப்பு, துகளோடு துகள் உரசுவதால் வருவது. மேலே கனம் கூடினால் உரசலும் கூடும். வாய்க்கால் கரையில் இருப்பது களிமண். அதன் துகளோ ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கைவிடச் சிறியது. அந்தத் துகள்களுக்கு இடையே நிற்கும் நீர் சட்டென்று வெளியேற வழியில்லை. சக்கரம் ஏறும் அந்த நொடியில் கூடுதல் கனத்தைத் தாங்குவது நீர்தான். நீருக்கு உரசல் கிடையாது. ஆகவே எத்தனை பேர் ஏறி நின்றாலும் பிடிப்பு கூடாது. மண்ணைத் தொடும் பரப்பு கூடினால்தான் கூடும்.

1,200 கிலோ காரில் ஒரு சக்கரத்துக்குச் சுமார் 300 கிலோ. டயரில் 32 பிஎஸ்ஐ காற்று இருந்தால் அது மண்ணைத் தொடும் இடம் ஏறத்தாழ 130 சதுர செ.மீ., விரல்களோடு சேர்த்து ஒரு கையளவு. காற்றை 18-க்கு இறக்கினால் 230-ஐத் தொடும். டயர் அகலத்தைவிட நீளவாக்கில்தான் அதிகம் படியும். அதற்கும் கீழே இறக்க நான் சொல்ல மாட்டேன். வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம்.

சிக்கியதும் ஆக்சிலரேட்டரை மிதிப்பதுதான் பெரிய கெடுதல். சக்கரம் சுழலச் சுழலக் களி பிசைபட்டு, இருந்த வலுவும் போய்விடும். நடவுக்காக வயலைச் சேறாக்கிச் சேடை ஓட்டும்போது டிராக்டரின் கேஜ் வீல், அதாவது கூண்டு போன்ற இரும்புச் சக்கரம், வேண்டுமென்றே செய்வது இதைத்தான். சரி, அந்த டிராக்டர் மட்டும் எப்படிப் புதையாமல் ஓடுகிறது? வருஷக்கணக்கான உழவில் சேற்றுக்கு அடியே, சாண் ஆழத்தில் மண் இறுகிக் கிடக்கிறது. கேஜ் வீலின் இரும்புப் பட்டைகள் சேற்றைக் கிழித்து அதில் ஊன்றிக்கொள்கின்றன. மண்ணைக் கொட்டி உயர்த்திய கரையில் அப்படி ஓர் அடித்தளம் கிடையாது.

இதில் டிஃபரென்ஷியலும், அதாவது இன்ஜினின் விசையை இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர அமைப்பும், சேர்ந்துகொள்ளும். அது இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் ஒரே முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். ஒன்று வழுக்கினால், அதைச் சுழற்றப் போதுமான சொற்ப விசைதான் மற்றதற்கும் கிடைக்கும்.

தனியாகப் போனால் தள்ள ஆளில்லை. சந்தேகமான இடத்தில் இறங்கி நடந்து, குதிகாலை ஊன்றிப் பாருங்கள். மேல்மண் வெயிலில் காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம் பல நாள் நிற்கும். அப்படியும் மாட்டிக்கொண்டால், முதலில் சக்கரத்தின் பக்கவாட்டில் மண்ணை வெட்டிக் காற்று புக வழிவிடுங்கள்; சேற்றின் கவ்வல் விடும். அப்புறம் தென்னை மட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் அடுக்கி, இரண்டாவது கியரில் மெதுவாக நகர்த்துங்கள். தார் ரோடு ஏறியதும் காற்றை மறுபடி 32-க்கு ஏற்றிவிட வேண்டும். காற்று குறைந்த டயர் வேகமாக ஓடினால் சூடேறிக் கிழிந்துவிடும்.