இரண்டரை நிமிடக் கணக்கு எங்கிருந்து வந்தது?

தீப்பாதுகாப்பு ஆலோசகர் மேசைக்கு ட்ராயிங் வந்தால் முதலில் பார்ப்பது வெளியேறும் வாசல்களின் அகலத்தை. இங்கிலாந்தின் வழிகாட்டியில், 220 பேருக்கு மேல் என்றால் ஆளுக்கு 5 மி.மீ. அகலம். பெருக்கிப் பார்ப்போம், சரியாக வந்தால் டிக். ஏன் 5 என்று கேட்டால் "கோடில் (விதித்தொகுப்பில்) இருக்கு" என்பதுதான் வழக்கமான பதில்.

கணக்கைத் திருப்பிப் போட்டால் விஷயம் தெரியும். ஒருவர் பின் ஒருவராகப் போகும் வரிசைக்கு 525 மி.மீ. அகலம். அதில் நிமிடத்துக்கு 40 பேர் போகலாம். வெளியேற நேரம் இரண்டரை நிமிடம். ஆக 100 பேர். 525-ஐ நூறால் வகுத்தால் ஐந்தும் சொச்சமும்.

அந்த இரண்டரை நிமிடத்துக்கு ஒரு கதை உண்டு. 1911 மே 9, எடின்பரோவின் எம்பயர் பேலஸ் தியேட்டர். மாயாஜாலக்காரர் லஃபாயெட்டின் நிகழ்ச்சியில் மேடை தீப்பிடித்தது. தீத்தடுப்புத் திரை இறங்கியது. வாத்தியக் குழு தேசிய கீதத்தை வாசிக்க, சுமார் 3,000 பார்வையாளர்களும் தப்பினார்கள். மேடைப் பக்கம் இருந்த பலர் இறந்தனர், லஃபாயெட்டும்தான். கீதம் வாசித்து முடிய ஆகும் அந்த இரண்டரை நிமிடம் 1952-இல் பிரிட்டனின் தீப்பாதுகாப்பு அறிக்கையில் இடம்பிடித்தது. அப்புறம் ஒவ்வொரு பதிப்பும் முந்தைய பதிப்பையே ஆதாரமாகக் காட்டியது. எண் மட்டும் நகர்ந்து வந்தது, தியேட்டர் உதிர்ந்துபோனது.

அங்கே இருந்தவர்கள் விழித்திருந்தார்கள், மேடையைப் பார்த்தபடி இருந்தார்கள். பதினான்காவது மாடி அலுவலகத்தில் அலாரம் அடித்தால் நடப்பது வேறு. "டிரில்லா இருக்கும்" என்று ஒருவர் மின்னஞ்சலை முடிக்கிறார், இன்னொருவர் பையைத் தேடுகிறார். நடக்கத் தொடங்குவதற்குள்ளேயே இரண்டரை நிமிடம் போய்விடலாம். மருத்துவமனையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மக்கள் தோளோடு தோளாக வரிசை கட்டி இறங்குவார்கள் என்று இந்தக் கணக்கு எடுத்துக்கொள்வதும் அப்படித்தான். 1970-களில் கனடாவின் உயரமான அலுவலகக் கட்டடங்களில் வெளியேற்றப் பயிற்சிகளைக் கவனித்த ஜேக் பால்ஸ், மக்கள் படிக்கட்டில் அசைந்து அசைந்து, முன்னும் பின்னுமாக விலகி இறங்குவதைப் பதிவு செய்தார். சுவரிலிருந்து 150 மி.மீ. வரை யாரும் பயன்படுத்துவதே இல்லை. ட்ராயிங்கில் இருக்கும் அகலம் வேறு, காலுக்குக் கிடைக்கும் அகலம் வேறு.

"இப்போதுதான் சிமுலேஷன் இருக்கிறதே" என்பார்கள், அதாவது மக்கள் வெளியேறுவதைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது. வண்ணப் புள்ளிகள் அழகாக நகரும். விடை தசமத்தில் வரும். ஆனால் உள்ளே கொடுத்த நகர்வு வேகம், பெரும்பாலும், அதே பழைய அளவீடுகளிலிருந்துதான். தசமப்புள்ளியைக் கண்டதும் ஆலோசனைக் கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை, எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான்.

5 மி.மீ. தவறு என்று நான் சொல்லவில்லை. பல கட்டடங்களில் அது போதுமானதாகவே இருக்கிறது. திரையரங்குக் கூட்டத்துக்குப் பொருந்திய எண்ணை வைத்து முதியோர் இல்லத்தின் வாசலை "விதிப்படி சரி" என்று குறுக்கும்போதுதான் பிரச்சினை.

எங்கள் அறிக்கைகளில் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அது சோதனையா, கவனித்துப் பெற்றதா, ஊகமா என்று எழுதச் சொல்கிறேன். "ஊகம்" என்ற சொல்லைப் பார்த்ததும் வாடிக்கையாளர்கள் அதை எடுத்துவிடச் சொல்வார்கள், நாங்கள் எடுப்பதில்லை.