டீசலுக்குப் பதில் மின்கம்பி: நெல்லைப் பாதையோரம் இருப்பவர்கள் அறிய வேண்டிய விதிகள்

நாட்டில் மிச்சமிருந்த 13,675 கிலோமீட்டர் அகல ரயில்பாதையையும் மின்மயமாக்க மத்திய அமைச்சரவை 2018 செப்டம்பரில் ஒப்புதல் தந்தது. மதிப்பீடு 12,134 கோடி ரூபாய். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர், தென்காசி போகும் பாதைகளின் மேலும் இப்போது 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது.

டீசல் எஞ்சினிலும் சக்கரத்தைச் சுழற்றுவது மின்மோட்டார்தான். ஆனால் அதற்கான மின்சாரத்தை ஆக்கும் ஜெனரேட்டரையும் ஆயிரக்கணக்கான லிட்டர் டீசலையும் எஞ்சினே சுமந்து போக வேண்டும். கம்பி வந்தால் அந்தச் சுமை இல்லை.

ஹைட்ரஜன் ரயில் நம் பக்கம் வருமா என்று பலர் கேட்கிறார்கள். ஹரியானாவின் ஜிந்த்–சோனிபட் பாதைக்கான சோதனை ரயிலுக்குரிய பெட்டியைச் சென்னை ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை 2025 ஜூலையில் ஓட்டிப் பார்த்தது. கம்பி கட்ட முடியாத மலைப்பாதைக்கு அது நல்ல வழி. கம்பி ஏற்கெனவே இருக்கும் இடத்தில் வீண்செலவு. பணகுடிக் காற்றாலையில் கிடைக்கும் 100 யூனிட்டைக் கம்பி வழியாக அனுப்பினால் முக்கால் பங்குக்குக் குறையாமல் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். அதையே தண்ணீரைப் பிரித்து, ஹைட்ரஜனாக அழுத்தி, மறுபடி மின்சாரமாக்கினால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

இனி விதிகள். வீட்டு மின்சாரத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல் அழுத்தம் உள்ள கம்பி இது. தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே தாவிப் பிடிக்கும். அதனால் 2 மீட்டருக்குள் ஆளோ பொருளோ போகக் கூடாது. ஆட்டுக்குக் குழை ஒடிக்கும் தொரட்டி, ஈரக் கயிறு, பச்சை மட்டை எல்லாமே மின்சாரத்தைக் கடத்தும். நின்றிருக்கும் பெட்டியின் கூரையில் ஏறுவது உயிரோடு விளையாடுவது.

ரயில்வே கேட்டின் இரு பக்கமும் நிற்கும் இரும்புச் சட்டத்தின் உயரம் 4.78 மீட்டர். அறுவடைக் காலத்தில் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் வைக்கோல் லாரிகள் இடிப்பது இதில்தான். ஏற்றும்போது அளவாக இருந்த பாரம், கயிறு தளர்ந்ததும் உப்பி மேலெழும். பெரும்பாலும் உச்சிக்கட்டுதான் சட்டத்தில் மாட்டும். அப்போது மேலே ஏறித் தள்ளாதீர்கள். லாரியைப் பின்னுக்கு எடுத்து, கேட்டை விட்டுத் தள்ளி நிறுத்தி, பாரத்தைக் குறையுங்கள். சட்டத்தைத் தாண்டிவிட்டால் தண்டவாள மேட்டில் வண்டி குதிக்கும்போது கம்பிக்கும் வைக்கோலுக்கும் இடைவெளி இன்னும் சுருங்கும். ஒரு பொறி போதும், லாரியே எரிந்துவிடும்.

கோயில் தேரோ உயரமான இயந்திரமோ பாதையைக் கடக்க வேண்டுமென்றால், முன்கூட்டியே மதுரைக் கோட்ட அலுவலகத்தில் உயரம், நாள், நேரம் குறித்து எழுத்தில் அனுமதி கேளுங்கள். கேட் கீப்பர் வாய்மொழியாகச் சொல்லும் சம்மதம் செல்லாது. ரயில்வே ஊழியர்கள் மின்சாரத்தை நிறுத்தி, இரு புறமும் கம்பியைத் தரையோடு இணைத்த பிறகே தேரை நகர்த்தலாம். நிறுத்திய கம்பியிலும் பக்கத்துக் கம்பியின் தூண்டலால் மின்சாரம் இருக்கும்.

கம்பி அறுந்து கிடந்தால் மின்சாரம் இருப்பதாகவே எண்ணி விலகி நில்லுங்கள். கேட் கீப்பரிடமோ 139 எண்ணிலோ சொல்லுங்கள். பாதையோரம் அருகிலுள்ள ரயில்வே மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் சேர்த்துச் சொன்னால் இடத்தைத் தேட வேண்டியிருக்காது.