லேர்னிங் கம்யூனிட்டி: ‘கற்றல் சமூகம்’ என்பது சரியா?

நம் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தால் மூன்றாண்டும் அதே வகுப்பு, அதே பெஞ்சு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அப்படியில்லை. பாடங்களை அவரவர் தனித்தனியே தேர்ந்தெடுக்கிறார்கள். காலையில் முந்நூறு பேர் அமர்ந்த அரங்கில் பக்கத்திலிருந்த முகம் பிற்பகல் கட்டுரை வகுப்பில் இருக்காது. ஊரும் புதிது, ஆட்களும் புதிது என்று திணறும் முதலாண்டு மாணவர்களில் இருபது, இருபத்தைந்து பேரைச் சேர்த்து, இரண்டு மூன்று பாடங்களை ஒன்றாகவே படிக்கவைக்கும் ஏற்பாட்டுக்குத்தான் ‘லேர்னிங் கம்யூனிட்டி’ என்று பெயர். அதே முந்நூறு பேர் அரங்கில் இப்போது இருபது பேராவது தெரிந்தவர்கள்.

இதற்கு முன்னோடியாக, அலெக்சாண்டர் மைக்கிள்ஜான் என்னும் கல்வியாளர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1927இல் தொடங்கிய ‘சோதனைக் கல்லூரி’யைச் சொல்வார்கள். முதலாண்டு முழுவதும் பண்டைய ஏதென்ஸ் நாகரிகம் ஒன்றே பாடம். மாணவர்கள் தங்கியதும் ஒரே விடுதியில். 1932இல் அது மூடப்பட்டது. எண்ணம் மட்டும் பின்னாளில் வேறு பெயர்களில் திரும்பி வந்தது.

‘கம்யூனிட்டி’யின் வேர், ‘பொது’ என்னும் பொருள்கொண்ட ‘கம்யூனிஸ்’ என்ற இலத்தீன் சொல். அதற்குள் கடமை, கொடை ஆகிய பொருள்களைத் தரும் ‘மூனுஸ்’ இருக்கிறது. கடமையைப் பகிர்ந்துகொள்பவர்கள் என்று கொள்ளலாம்.

தமிழில் ‘கற்றல் சமூகம்’ என்றே பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. ‘சமூகம்’ கூட்டம், திரள் என்னும் பொருளுள்ள ‘சமூஹ’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது, அதில் குற்றமில்லை. ஆனால் தமிழ்நாட்டில் ‘நீங்கள் எந்தச் சமூகம்?’ என்று ஒருவர் கேட்டால், அவர் கேட்பது சாதியை. முன்பின் அறியாதவர்களை ஒன்றாக அமர்த்தும் ஏற்பாட்டுக்கு இந்தப் பெயரா? ‘குழு’வோ விசாரணைக் குழு, தேர்வுக் குழு என்று அலுவலக வாடை ஏறிய சொல்.

நன்னூல் இங்கே கைகொடுக்கிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் புலமை கால் பங்குதான் வாய்க்கும். ‘அவ்வினையாளரொடு’ பயில்வதில் இன்னொரு கால். மீதி அரை, பிறருக்கு விரித்துரைப்பதில் என்கிறார் பவணந்தி முனிவர். அவ்வினையாளர் என்றால் அதே படிப்பில் இருக்கும் சக மாணாக்கர். நல்ல சொல்தான், இன்று எழுதினால் அடிக்குறிப்புப் போடவேண்டியிருக்கும்.

‘பயில்’ என்பதற்கு அந்தத் தொல்லை இல்லை. கற்பது மட்டுமல்ல, நெருங்கிப் பழகுவதும் பயில்தல்தான். ‘பயிலியது கெழீஇய நட்பின்’ என்று குறுந்தொகையின் இரண்டாம் பாட்டிலேயே வருகிறது. இந்த ஏற்பாட்டுக்கு வேண்டிய இரண்டு பொருளும் ஒரே வினையில் கிடைக்கின்றன. ‘அடியார் குழாம்’ என்பதில் உள்ள குழாத்தைச் சேர்த்தால் ‘உடன்பயில் குழாம்’. விடுதியிலும் ஒரே தளத்தில் தங்கவைப்பார்களானால் ‘உடனுறை பயில்குழாம்’.