பந்தல்கால் நடுவதற்கு முன் 811: நியூ ஜெர்சியில் மண்ணுக்கடியில் போகும் லைன்களைக் குறித்து வாங்குவது எப்படி

பனி கரைந்து ஏப்ரல் பிறந்துவிட்டால் எடிசன், இசலின், பிஸ்காட்டவே பக்கம் நம்மவர் வீட்டுப் பின்புறங்களில் ஒரே மும்முரம். கத்தரிக்கும் வெண்டைக்கும் பாத்தி, பாகலுக்கும் புடலைக்கும் பந்தல். காய் பிடித்த பிறகு கொடியின் கனத்தையும் கோடை மழைக் காற்றையும் பந்தல் தாங்க வேண்டுமென்றால் கால் இரண்டடியாவது மண்ணுக்குள் இறங்க வேண்டும். வேலி போடுகிறவர்களும் டெக் (வீட்டை ஒட்டிய மரத்தளம்) கட்டுகிறவர்களும் ஆள் தேடுவது அதே வாரங்களில்தான். டெக்கின் தூண் என்றால் உறைபனி எட்டாத ஆழம் வரை, ஏறத்தாழ மூன்றடி போகும். அந்த ஆழத்தில்தான் கேஸ் பைப்பும் மின்கேபிளும் இன்டர்நெட் வயரும் கிடக்கின்றன. சில இடங்களில் அதைவிட மேலேயே கிடக்கும்.

மண்ணைத் தொடுவதற்கு முன் 811-ஐக் கூப்பிட்டால், அந்த லைன்களுக்குச் சொந்தமான நிறுவனங்கள் ஆள் அனுப்பி, அவை எந்தத் தடத்தில் போகின்றன என்று தரையில் பெயின்டும் கொடியும் வைத்துவிட்டுப் போகும். நமக்குக் காசு கிடையாது. செலவு அந்த நிறுவனங்களுடையது. அமெரிக்கா முழுவதற்கும் பொதுவான எண் என்று மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் 2005-இல் 811-ஐ ஒதுக்கியது. 2007 மே மாதத்திலிருந்து நாடெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. எங்கிருந்து கூப்பிட்டாலும் அந்தந்த மாநிலத்தின் மையத்துக்குப் போகும். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இங்கே சொல்வதெல்லாம் நியூ ஜெர்சிக்கு.

இந்த மாநிலத்தில் இதற்கென்று ஒரு சட்டம் வந்தது 1994-இல். அதே ஆண்டு மார்ச் 23 அன்று, நள்ளிரவை நெருங்கும் நேரத்தில், எடிசனின் டரம் வுட்ஸ் குடியிருப்புக்குப் பக்கத்தில் 36 அங்குல விட்டமுள்ள இயற்கை எரிவாயுக் குழாய் ஒன்று வெடித்தது. தீ 400, 500 அடி உயரத்துக்கு எழுந்தது. பக்கத்திலிருந்த கூரைகள் வெறும் அனலிலேயே பற்றிக்கொண்டன. எட்டுக் கட்டடங்கள் எரிந்து போயின, ஏறத்தாழ 1,500 பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். வாயு வருவதை அடைக்கவே இரண்டரை மணி நேரம் ஆனது. விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், குழாயின் வெளிப்புறத்தில் முன்பே ஏற்பட்டிருந்த ஒரு கீறலைக் காரணமாகக் காட்டியது. எப்போதோ தோண்டும்போது இயந்திரம் பட்டிருக்கிறது. அந்த இடத்தில் குழாயின் சுவர் மெலிந்து, விரிசல் விட்டு, வளர்ந்து, ஒரு நாள் இரவில் திறந்துகொண்டது. இன்று அந்த ஊரைச் சுற்றித்தான் நம் மளிகைக் கடைகளும் கோயில்களும் இருக்கின்றன. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சட்டம் "தோண்டுதல்" என்பதற்குப் பரந்த பொருள் வைத்திருக்கிறது. எந்தக் கருவியால் மண்ணைப் பெயர்த்தாலும் அதில் அடங்கும். மரத்தையும் வேரையும் பிடுங்குவது, வேலிக்கால் இறக்குவது, பள்ளம் வெட்டுவது எல்லாம் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கின்றன. ஒரு விலக்கு உண்டு: வீட்டுத் தோட்டத்தில் இயந்திரம் இல்லாமல் கையால் செய்யும் வழக்கமான பராமரிப்பு வேலைகள். மண்வெட்டியால் பாத்தி கொத்துவது, பூச்செடி வைப்பது இதில் வரும். பந்தல்கால் இந்த விலக்குக்குள் வருமா என்று வழக்கறிஞர்போல் வாதாடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. கேஸ் பைப்புக்குச் சட்டத்தின் வரையறை தெரியாது. இரண்டடி இறங்குகிற எதற்கும் கூப்பிட்டுவிடுங்கள்.

கூப்பிடுவது எளிது. நாளின் எந்த நேரமும் எடுப்பார்கள். 1-800-272-1000 என்ற பழைய எண்ணும் அங்கேதான் போகிறது. இணையத்திலும் பதியலாம். கவுன்டி, டவுன்ஷிப், முகவரி, அருகிலுள்ள குறுக்குத் தெரு, என்ன வேலை, எவ்வளவு ஆழம், எந்தத் தேதியில் தொடங்கப்போகிறீர்கள் என்று கேட்பார்கள். எந்த இடம் என்பதை மட்டும் துல்லியமாகச் சொல்ல வேண்டும். "பின்பக்க யார்டு" என்று மொட்டையாகச் சொல்லாமல், "வீட்டைப் பார்த்து நின்றால் வலப்பக்கம், பின்சுவரிலிருந்து வேலி வரை" என்று சொல்லுங்கள். தோண்டப்போகும் இடத்தைச் சுற்றி நீங்களே வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்துவிட்டால் வருகிறவர் தடுமாற மாட்டார். பேசி முடித்ததும் ஒரு டிக்கெட் எண் தருவார்கள். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கூப்பிட்ட கையோடு தோண்ட முடியாது. மூன்று முழு வேலை நாள்கள் கழிய வேண்டும். கூப்பிட்ட நாள், சனி, ஞாயிறு, அரசு விடுமுறை எதுவும் கணக்கில் சேராது. திங்கள் கூப்பிட்டால் செவ்வாய், புதன், வியாழன் போய் வெள்ளிக்கிழமை தோண்டலாம். வியாழன் கூப்பிட்டுவிட்டு வார இறுதியில் வேலை என்று நண்பர்களை வரச் சொல்லிவிட்டால் நடக்காது. நம் வீட்டு வேலைகள் பெரும்பாலும் சனிக்கிழமைதான் என்பதால், அந்த வாரத் திங்களன்றே கூப்பிட்டுவிடுவது நல்லது. ரொம்ப முன்னதாகவும் கூடாது: பத்து வேலை நாள்களுக்குள் வேலையைத் தொடங்கியாக வேண்டும். தொடங்கிய வேலைக்கு அந்த டிக்கெட் 45 வேலை நாள்கள் வரை செல்லும். நடுவில் மழையிலோ புல் வெட்டியதிலோ குறிகள் அழிந்துபோனால், ஞாபகத்தை நம்பித் தோண்டாமல் மறுபடி கூப்பிட்டுக் குறிக்கச் சொல்லுங்கள்.

யார் கூப்பிட வேண்டும்? இதில்தான் பலர் ஏமாறுகிறோம். தோண்டுகிறவர் யாரோ அவருடைய பொறுப்பு அது. காண்ட்ராக்டர் தோண்டினால் டிக்கெட் காண்ட்ராக்டர் எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் வேலி போட வந்தவர் நிறைய அனுபவம் உள்ளவர். வேலைக்கு முந்தின நாள் டிக்கெட் எண் கேட்டேன். இந்தத் தெருவில் எத்தனையோ வேலி போட்டிருக்கிறேன், பின்பக்கத்தில் ஒன்றும் இருக்காது என்றார். எண் வந்த பிறகு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான், வேலையும் ஒரு வாரம் தள்ளிப்போனது. குறிக்க வந்தவர் மீட்டரில் ஒரு வயரை மாட்டிவிட்டு, கையில் பிடித்த கருவியைத் தரையோடு ஆட்டிக்கொண்டே நடந்தார். நாலடிக்கு ஒரு மஞ்சள் கொடி குத்திக்கொண்டு போனார். தெருவிலிருந்து நேராக வந்திருக்கும் என்று நாங்கள் நினைத்த கேஸ் லைன், பக்கவாட்டு யார்டைக் கோணலாகக் கடந்து வந்திருந்தது. வேலியின் மூன்றாவது காலுக்காக அடித்து வைத்திருந்த முளைக்குச்சியும் ஒரு மஞ்சள் கொடியும் ஒரு சாண் இடைவெளியில் நின்றன. வேலிக்காலை நாலடி நகர்த்தி நட்டார்கள்.

நிறங்களின் பொருள் நாடு முழுக்க ஒன்றுதான். சிவப்பு மின்சாரம். மஞ்சள் கேஸ், எண்ணெய், நீராவி. ஆரஞ்சு தொலைபேசி, கேபிள், ஃபைபர். நீலம் குடிநீர். பச்சை கழிவுநீரும் மழைநீர் வடிகாலும். ஊதா மறுசுழற்சி நீரும் பாசன நீரும். இளஞ்சிவப்பு நில அளவைக்காரர்களின் தற்காலிகக் குறி. வெள்ளை நீங்கள் தோண்டப்போகும் இடம். எல்லா நிறமும் வந்தாக வேண்டும் என்றில்லை, உங்கள் மனையில் எது இருக்கிறதோ அதுதான் வரும். ஆனால் ஒரு நிறத்தைக் காணவில்லை என்பதாலேயே அந்த லைன் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்த நிறுவனத்தின் ஆள் இன்னும் வராமல் இருக்கலாம். யார் யாருக்குத் தகவல் போனது என்று டிக்கெட்டிலேயே பட்டியல் இருக்கும். ஒவ்வொருவரும் வந்து குறித்தார்களா, அல்லது "இங்கே எங்கள் லைன் இல்லை" என்று தெரிவித்தார்களா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

குறியின் மேலேயே கண்ணை வைத்துத் தோண்டினால் போதாது. கருவி கண்டுபிடிப்பது லைனில் ஓடும் மின்காந்தச் சைகையை. பிளாஸ்டிக் கேஸ் பைப்பில் சைகை ஓடாது என்பதால் அதோடு ஒரு செப்புக் கம்பியைச் சேர்த்துப் புதைத்திருப்பார்கள்; கருவி தேடுவது அந்தக் கம்பியைத்தான். பக்கத்தில் வேறு உலோகம் இருந்தால் சைகை சற்று விலகும். அதனால், லைனின் வெளிவிளிம்பிலிருந்து இரு பக்கமும் இரண்டடிக்குக் கையால் மட்டுமே தோண்ட வேண்டும் என்பது நியூ ஜெர்சி விதி. இரண்டங்குலப் பைப் என்றால் மொத்தம் 50 அங்குல அகலப் பட்டை. அதற்குள் குழி துளைக்கும் ஆகர் இயந்திரமும் கூடாது, மினி எக்ஸ்கவேட்டரும் கூடாது.

கையால் என்றதும் கடப்பாரையை எடுக்காதீர்கள். ஊரில் குழி போட்ட பழக்கத்தில் நமக்கு முதலில் கை போவது அதற்குத்தான். ஓங்கிக் குத்தும் கடப்பாரை பிளாஸ்டிக் பைப்பை ஒரே போடில் துளைத்துவிடும். முனை மழுங்கிய மண்வெட்டியால், லைனுக்கு இணையாக, மேல்மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வழித்து எடுக்க வேண்டும். ஆழத்தைப் பற்றி எந்தக் குறியும் சொல்லாது. புதைத்த அன்று மூன்றடியில் இருந்த பைப்புக்கு மேல் யாராவது யார்டைச் சமப்படுத்தியிருந்தால் இன்று அது ஒன்றரை அடியில் கிடக்கலாம்.

இனி, 811 குறிக்காதவை. இதைத் தெரியாமல்தான் "கூப்பிட்டோமே, அப்புறமும் ஏன் அறுந்தது?" என்று கேட்கிறார்கள். வருகிறவர்கள் தங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமான லைன்களை மட்டுமே குறிப்பார்கள். கேஸும் மின்சாரமும் பொதுவாக உங்கள் மீட்டரோடு நின்றுவிடும். மீட்டரைத் தாண்டியது உங்கள் சொத்து. தோட்டக் கொட்டகைக்குப் போகும் மின்வயர், நீச்சல்குளத்தின் ஹீட்டருக்குப் போகும் கேஸ், ஸ்பிரிங்ளர் பைப், தோட்ட விளக்கு, புரொப்பேன் டேங்க்கிலிருந்து வரும் லைன், செப்டிக் டேங்க், நாய் வெளியே போகாமலிருக்கப் புதைத்த வயர் எதற்கும் பெயின்ட் விழாது. வீட்டிலிருந்து தெருவிலுள்ள பொதுச் சாக்கடை வரை போகும் கழிவுநீர்க் குழாயும் பெரும்பாலும் வீட்டுக்காரருடையதாகவே இருக்கும்.

நாமே கட்டிய வீடென்றால் எது எங்கே என்று தெரியும். நம்மில் பலர் முப்பது நாற்பது வருடப் பழைய வீட்டை மூன்றாவது, நான்காவது உரிமையாளராக வாங்கியவர்கள். தெரிந்தவர் ஒருவர் வீட்டில் பேட்டியோ ஓரமாகத் தரையிலிருந்து ஒரு சிறிய வால்வு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வருடக்கணக்கில் அதைத் தண்ணீர்க் குழாய் என்றே நினைத்திருந்தார். பிறகுதான் தெரிந்தது, முந்தைய உரிமையாளர் கிரில்லுக்காக இழுத்த கேஸ் லைன் அது, இன்னமும் வாயு இருக்கிறது என்று. 811 ஆள் வந்து மீட்டர் வரை மஞ்சள் போட்டுவிட்டுப் போனார். அதற்கப்பால் அவர் வேலை இல்லை.

ஆகவே தோண்டும் முன் வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். சுவரிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் ஒவ்வொரு பைப்பையும் வயரையும் பாருங்கள். வீடு வாங்கியபோது வந்த காகிதங்களையும், டவுன்ஷிப்பில் இருக்கும் பழைய பெர்மிட்களையும் கேட்டுப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் காசு கொடுத்துத் தனியாரைக் கூப்பிட்டுக் குறிக்கலாம். உலோகமில்லாத பைப்பைத் தேட அவர்கள் தரையை ஊடுருவும் ரேடார் கொண்டுவருவார்கள். நீச்சல்குளம் தோண்டும் அளவுக்குப் பெரிய வேலையென்றால் அந்தச் செலவுக்கு யோசிக்கவே கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் கைதவறி லைனில் பட்டுவிடலாம். கேஸ் வாடையோ சீறலோ இருந்தால் கருவியைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு, வீட்டிலிருப்பவர்களையும் அழைத்துக்கொண்டு காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக விலகிப் போங்கள். லைட் சுவிட்சைத் தொடாதீர்கள், காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பைப்பை மடக்கவோ வால்வை மூடவோ மண்ணைப் போட்டு அமுக்கவோ முயலாதீர்கள். பாதுகாப்பான தூரம் போன பிறகு 911. அடுத்து கேஸ் நிறுவனம். மின்கேபிளில் பட்டால் தொடாமல் விலகுங்கள், பக்கத்தில் யாரையும் விடாதீர்கள், அப்போதும் 911.

வாயு கசியவே இல்லை, பைப்பின் மேல் மண்வெட்டி பட்டு ஒரு கீறல் மட்டும் விழுந்திருக்கிறது என்றாலும் கேஸ் நிறுவனத்துக்குச் சொல்லியாக வேண்டும். மத்திய விதியும் அதைத்தான் சொல்கிறது. தண்டம் கட்டச் சொல்வார்களோ என்று பயந்து மண்ணைத் தள்ளி மூடிவிடாதீர்கள். டரம் வுட்ஸில் வெடித்ததும் அப்படி மூடப்பட்ட ஒரு கீறல்தான். ஆள் வந்து பார்த்து, சரிசெய்து, மூடலாம் என்று சொல்லும் வரை அந்தக் குழி திறந்தே இருக்கட்டும்.