தண்ணீருக்கு மசியாத பிசின்

கருவேல மரத்தில் வடிவதையும் பிசின் என்கிறோம். பூசையில் புகைக்கும் குங்கிலியத்தையும் பிசின் என்றே சொல்கிறோம். வேதியியல் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்லை. கருவேலம் பிசின் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலி என்பதால், இரவில் ஊறப்போட்டால் காலையில் கூழாகிவிடும். குங்கிலியமோ எத்தனை நாள் ஊறினாலும் கல்லாகவே கிடக்கும். தேன்பெட்டியின் இடுக்குகளில் தேனீக்கள் பூசி வைக்கும் புரோபோலிஸ் இரண்டாவது சாதியைச் சேர்ந்தது. அதைப் பிரித்தெடுக்கும் முறைகள் யாவும் இந்த ஒரு குணத்தை ஒட்டியே அமைந்தவை.

மொட்டுகளிலும் பட்டையின் காயங்களிலும் கசியும் பிசினைத் தேனீ சுரண்டியெடுத்து, மகரந்தத்தைப் போலவே பின்னங்கால் கூடையில் ஏற்றிக்கொண்டு வந்து, மெழுகுடன் கலந்து ஏறத்தாழ 6 மில்லிமீட்டருக்குக் குறைவான இடைவெளிகளை அடைக்கிறது. பெட்டிக்குள் செத்த பல்லியை இழுத்து வெளியேற்ற முடியாதபோது, நாறாமல் இருக்க அதன்மேல் இதையே பூசி மூடிவிடும். ஆனால் கொங்கு நாட்டுத் தோப்புகளில் வைக்கும் இந்தியத் தேனீ இந்தப் பழக்கம் இல்லாதது. அந்தப் பெட்டிகளில் புரோபோலிஸ் தேடிப் பயனில்லை. இத்தாலியத் தேனீயிடமும், மண்சுவர்ப் பொந்துகளில் குடியிருக்கும் கொசுத்தேனீயிடமும்தான் அது கிடைக்கும்.

சித்திரை வெயிலில் பெட்டியின் மூடியைத் திறந்தால் புரோபோலிஸ் விரலோடு இழுபட்டு நூலாக நீளும். அதைச் சுரண்டினால் மரத்தூளும் பெயின்டும் சேர்ந்தே வரும். அதனால் மூடிக்குக் கீழே மெல்லிய கீற்றுத் துளைகள் கொண்ட பிளாஸ்டிக் வலையை வைப்பது மேல். தேனீக்கள் அத்துளைகளை அடைத்தபின் வலையைக் குளிர்பெட்டியில் உறையவிட்டு முறுக்கினால், பிசின் கண்ணாடிச் சில்லு போலப் பொலபொலவென உதிரும். குளிர் மாறுவதற்குள் அதைப் பொடித்துவிட வேண்டும், இல்லையெனில் மிக்சியின் கத்தியைச் சுற்றிக்கொண்டு இறுகிவிடும்.

பலாப்பால் பட்ட கையைத் தண்ணீரில் கழுவாமல் தேங்காயெண்ணெயால் துடைக்கிறோமல்லவா, கரைப்பானைத் தேர்ந்தெடுப்பதிலும் அதே நியாயம்தான். பொதுவாக, பொடியின் எடையைப் போலப் பத்து மடங்கு 70% எத்தனால் சேர்த்து, வெளிச்சம் படாத இடத்தில் அவ்வப்போது குலுக்கிச் சில நாட்கள் ஊறவைப்பார்கள். தூய எத்தனால் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று தோன்றலாம், ஆனால் அது வேண்டாத மெழுகையும் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். சிறிது தண்ணீர் கலந்திருந்தால் மெழுகு பின்தங்கும், நமக்கு வேண்டிய தாவரப் பொருள்களான ஃபீனாலிக் அமிலங்களும் ஃபிளேவனாய்டுகளும் எளிதில் கரையும். செலவைக் குறைப்பதாக எண்ணி மெத்தனால் கலந்த தொழிற்சாலை ஸ்பிரிட்டைப் பயன்படுத்துவது விஷத்தைக் காய்ச்சுவதற்குச் சமம். மெத்தனால் பார்வையையும் உயிரையும் பறிக்கக்கூடியது. வடிகட்டிய பழுப்புச் சாற்றில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டால், அரிசி கழுவிய நீர் போல அது உடனே வெளுத்துக் கலங்கும். கரைந்திருந்த பிசின், தண்ணீர் மிகுந்ததும் நுண்துளிகளாகப் பிரிவதே இதற்குக் காரணம்.

சாற்றில் இன்னமும் கொஞ்சம் மெழுகு இருக்கும். மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைவதைக் காங்கயத்துச் செக்குக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதுபோலச் சாற்றை ஓரிரவு நன்றாகக் குளிரவிட்டால் மெழுகு வெண்படலமாகப் பிரிந்துவிடும், குளிர் குறையுமுன் அதை வடித்துவிடலாம். பிறகு எத்தனாலை ஆவியாக்க வேண்டும். அது கொதிப்பது 78 டிகிரி செல்சியஸில். அந்தச் சூட்டில் மணப்பொருள்கள் பறந்துவிடும், மென்மையான மூலக்கூறுகளும் சிதையக்கூடும். எனவே காற்றழுத்தத்தைக் குறைத்து, 40 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலேயே அதை வெளியேற்றுகிறார்கள்.

மிஞ்சும் கெட்டிப் பசை பல சேர்மங்களின் கலவை. அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க, சிலிக்காத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் கரைப்பானோடு அதை மேலிருந்து இறக்குகிறார்கள். சந்தையில் தெரிந்த முகம் அதிகமுள்ளவர் கடைக்குக் கடை நின்று பேசி மெதுவாகப் போவார், அசலூர்க்காரர் விறுவிறுவென்று கடந்துவிடுவார். அதே போல ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் மிகுந்த மூலக்கூறு சிலிக்காவில் ஒட்டி ஒட்டித் தாமதிக்கும், அவை குறைவாக உள்ள மூலக்கூறு முந்தி இறங்கும். இறங்கும் வரிசையில் தனித்தனிக் குப்பிகளில் பிடித்துக்கொள்ளலாம்.

அப்படிக் குப்பியில் பிடிக்கும் பொருள்கள் எல்லா ஊரிலும் ஒன்றாக இருக்காது. ஐரோப்பாவில் பாப்லர் மர மொட்டுகளிலிருந்து வரும் புரோபோலிஸில் கிரைசின், பினோசெம்பிரின் என்ற ஃபிளேவனாய்டுகளும் காஃபிக் அமில எஸ்டர்களும் முக்கியமானவை. பிரேசிலின் பச்சைப் புரோபோலிஸில் ஆர்ட்டெபிலின் சி என்ற பொருள் முன்னிற்கிறது. நம் பக்கத்தில் பாப்லர் காடு இல்லாததால், ஐரோப்பியப் பட்டியலை நம்மூர்க் குப்பியின்மேல் ஒட்டி விற்பது பொய்யாகவே முடியும். அலுமினியம் குளோரைடு சேர்த்தால் தோன்றும் மஞ்சள் நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு ஃபிளேவனாய்டுகளின் மொத்த அளவைக் கணிக்கலாம். எது எவ்வளவு என்று அறிய, சாற்றை உயர் அழுத்தத்தில் குழாய்க்குள் செலுத்திப் பொருள்களைப் பிரித்து அளக்கும் உயரழுத்தத் திரவ வண்ணப்பிரிகை தேவைப்படும்.

தூய்மைப்படுத்தினால் ஒவ்வாமை வராது என்று நினைப்பதும் தவறு. ஆய்வகங்களில் வீக்கத்தைத் தணிப்பதாகக் காணப்படும் காஃபிக் அமில எஸ்டர் குடும்பமே சிலருக்குத் தோலில் தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்குகிறது.